‘பிராவுஸ்’ போர்க்குதிரையைக் குறித்த சொல்லா? கிரேக்கம் அறிந்தவர்கள் உதவவும்

கிரேக்கம் கற்ற சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். மத்தேயு 5:5-இல் ‘சாந்தகுணமுள்ளவர்கள்’ என்று வரும் இடத்தில் மூலத்திலுள்ள ‘பிராவுஸ்’, போருக்குப் பழக்கிய குதிரையைக் குறித்த படைத்துறைச் சொல், எனவே அதன் பொருள் ‘அடக்கப்பட்ட வல்லமை’ என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். இதற்குப் பழைய கிரேக்க நூல்களில் நேரடியான ஆதாரம் உண்டா?

குதிரையேற்றம் பற்றிப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதிய நூலில் இச்சொல் வருவது உண்மைதான்; ஆனால் அங்கே பேசப்படுவது, பழக்குபவரிடம் ஒப்படைக்கும் முன்பே சாதுவாகவும் மனிதரிடம் ஒட்டுதலாகவும் வளர்க்கப்பட வேண்டிய குதிரைக்குட்டி; போர்க்களம் அன்று. அரிஸ்டாட்டில் இக்குணத்தைக் கோபத்தின் மிகைக்கும் குறைக்கும் நடுவே வைக்கிறார்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இயேசுவின் வாக்கில் எதிரொலிக்கும் சங்கீதம் 37:11. எபிரெயத்தில் அங்குள்ள ‘அனாவிம்’, ஒடுக்கப்பட்டும் பொல்லாதவர்மேல் எரிச்சலடையாமல் கர்த்தருக்குக் காத்திருப்பவர்களைச் சுட்டுகிறது. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் அதற்கு இதே கிரேக்கச் சொல்லைத்தான் இட்டது. எண்ணாகமம் 12:3-இல், தனக்கு விரோதமாகப் பேசப்பட்டபோதும் வாதாடாத மோசேக்கும் அதுவே. அப்படியானால் ‘அடக்கப்பட்ட வல்லமை’ என்ற விளக்கம், ஒடுக்கப்பட்டோருக்கான வாக்குத்தத்தத்தை மறைத்துவிடுகிறதோ என்று அஞ்சுகிறேன்.

வாலிபர் வேதபாடத்தில் இதைக் கற்பிக்க வேண்டியிருப்பதால், போர்க்குதிரைக்கு இச்சொல் வழங்கிய இடம் ஏதேனும் தெரிந்தவர்கள் நூற்பெயரையும் பகுதி எண்ணையும் குறிப்பிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.