திரிபங்க நிலையில் அம்மனை வரைய அளவு சொல்லித் தாருங்கள்

வணக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனிகளைப் பார்த்து வந்ததிலிருந்து அதே திரிபங்க நிலையில், அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் நிலையில், ஓர் அம்மனை வரைந்துகொண்டிருக்கிறேன். நான் பழகியது தலை உயரத்தை வைத்து அளக்கும் முறை: ஆள் உயரம் சுமார் ஏழரைத் தலை. அது இங்கே உதவவில்லை. சிற்ப நூல்களின் அளவு முறையான தாலக் கணக்குப்படி அம்மனுக்கு மத்திம தசதாலம் (பத்துத் தால அளவுகளில் நடுத்தரமானது), மொத்தம் 120 அங்குலம். (அந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பது இல்லை, சிலையின் உயரத்தையே பகுத்து எடுப்பது.) சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்தே இந்த அளவுகளைக் குறிப்பதைப் பார்த்து அசந்துபோனேன்.

நேராக நிற்கும் உருவம் சரியாக வந்துவிட்டது. திரிபங்கத்தில்தான் சிக்கல். இடுப்பை ஒரு பக்கம் தள்ளினால் உருவம் விழுவதுபோல் தெரிகிறது. மூன்று தாள் கிழித்தாயிற்று.

நடுவில் இறங்கும் பிரம்ம சூத்திரத்திலிருந்து தலை, மார்பு, இடுப்பு ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் விலக வேண்டும்? அந்தக் கோடு எந்தக் குதிகாலில் இறங்க வேண்டும்? வளைவதால் குறையும் உயரத்தை எங்கே கழிப்பீர்கள்?

சிற்பம் பயின்றவர்கள் யாராவது ஒரு கோட்டுப்படம் போட்டுக் காட்டினால் போதும். ஆடிப்பூரத்துக்குள் முடித்து அம்மாவுக்குக் கொடுக்க ஆசை.