முனைச் சீனக் கடையில் உங்களுக்கு நடந்தது என்ன?

சுக்குக்காப்பி

எந்தக் கடை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சலவைக் கடையை ஒட்டியது. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. கல்லாவுக்கு மேலே வெளிறிப்போன உணவுப் படங்கள். எப்போது போன் செய்தாலும் “பத்து நிமிடம்” என்று சொல்லி வைத்துவிடும் அம்மா. நியூ ஜெர்சிக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை இரவென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கடையின் புரோக்கோலி டோஃபுதான். நாங்கள் சுத்த சைவம். முதல் தடவையே “இதில் இறைச்சி உண்டா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார். பிறகும் பலமுறை கேட்டிருக்கிறேன், அதே பதில்தான்.

போன வாரம் கல்லாவில் ஒரு புது இளைஞர். பழக்கதோஷத்தில் அவரிடமும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெரிய தகர டப்பா ஒன்றைத் தூக்கிவந்து கல்லாவின் மேல் வைத்து, லேபிள் என் பக்கம் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பினார். அதில் வாய் திறந்த சிப்பிகளின் படம். பழுப்பு சாஸ் என்று மெனுவில் இருப்பதெல்லாம் இதில் செய்வதுதான் என்று விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். டப்பாவின் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது, வாராவாரம் எங்கள் தட்டில் பளபளத்த அதே கருஞ்சிவப்பு. கொடுத்த பணத்தைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. இத்தனை காலமாக அந்த அம்மா முகத்துக்கு நேரே என்னை ஏமாற்றியிருக்கிறார் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரவுப்பணி

அந்த அம்மாவைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. மருத்துவமனையில் மாலைப் பணி நீண்டுபோன ஒரு நாள். கடைக்கு வந்தபோது இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது, அடுப்பை அணைத்துவிட்டார்கள். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டார்.

உள்ளே சமையற்காரர்கள் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சோறு, இஞ்சியைச் சீவிப் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன், பூண்டில் வதக்கிய ஏதோ ஒரு கீரை. அதன் தண்டு உள்ளே குழலாக இருந்தது, கடித்தால் நறுக்கென்றது. அவர்களுக்கென்று சமைத்ததிலிருந்து ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். பணத்தை நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். வீடு வரைக்கும் பொறுக்கவில்லை, காரிலேயே சாப்பிட்டு முடித்தேன். அந்தக் கடையில் இனிப்பு சாஸில் முக்கி எடுத்துத் தரும் எதுவும் அந்தக் கீரைக்கு உறைபோடக் காணாது.

அடுத்த முறை போனபோது அதையே கேட்டேன். “மெனுவில் இல்லை” என்றார். தெரியும், எவ்வளவானாலும் தருகிறேன் என்றேன். “உங்களுக்குப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து “அடுத்து” என்றார். நான் சாப்பிட்டேனே, பிடித்ததே, அவர்தானே கொடுத்தார்! அந்த “உங்களுக்கு” யார் என்று இன்றுவரை புரியவில்லை.

பழையகுடி

சுக்குக்காப்பி அவர்களே, ஏமாற்றினார் என்பது பெரிய வார்த்தை. நீங்கள் கேட்டது இறைச்சி உண்டா என்று. அவர் சொன்னது இல்லை என்று. மாடில்லை, பன்றியில்லை, கோழியில்லை. அவர் கணக்கில் சாஸ் என்பது நாம் பெருங்காயம் போடுவதைப் போல ஒரு ருசிச் சேர்மானம். நம் வீடுகளிலேயே முட்டை சைவமா இல்லையா என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு நடக்கிறது. அவர் மட்டும் உங்கள் வீட்டு அடுக்களைச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார வேண்டுமா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் கணிசமானவை சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூஜோ பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்துபவை. மன்ஹாட்டன் சைனாடவுனில் ஈஸ்ட் பிராட்வே பக்கம் போனால் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் அலுவலகங்களைப் பார்க்கலாம். அங்கே சம்பளம் பேசி, பஸ் ஏறி, அதற்குமுன் பெயர்கூடக் கேட்டிராத ஊரின் சமையலறையில் போய் இறங்குகிறார்கள். பலருக்குக் கைவந்த ஆங்கிலம் மெனுவில் இருக்கும் ஆங்கிலம்தான். அதில் “சுத்த சைவம்” என்பதற்கு எண் கிடையாது.

என் அனுபவம் சின்னது. ஒருநாள் ஆர்டர் சீட்டைக் கல்லாவில் தலைகீழாகப் பார்த்தேன். சீன எழுத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா சிவப்புப் பேனாவால் வரிசையாக மிளகாய்ப் படம் வரைந்து அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார். காம்பு உட்பட வரைந்திருந்தார். நான் அன்றைக்குக் காரம் என்று வாயே திறக்கவில்லை! இப்படி ஆளை நினைவில் வைத்திருப்பவரை ஏமாற்றுக்காரி என்கிறீர்கள்.

சுக்குக்காப்பி

மிளகாய் ஞாபகம் இருக்கிறது, சிப்பி ஞாபகம் இல்லையா? அதைத்தான் கேட்கிறேன்.

அடுக்களைப்புலி

எனக்கு நடந்தது இவ்வளவுதான்: காய்கறி ஃபிரைட் ரைஸ் வாங்கினேன், முட்டை இருந்தது, திருப்பிக் கொடுத்தேன், முட்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே திருப்பித் தந்தார்கள். மூடியைத் திறந்தபோது மஞ்சள் துணுக்கு ஒன்று சோற்றோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

அதை விடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். “சைவமா?” என்று கேட்கவே கேட்காதீர்கள், “ஆமாம்” என்றுதான் பதில் வரும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிப்பி சாஸ் வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தனித்தனியாக. எல்லாரும் சிப்பியிலேயே நின்றுவிடுகிறார்கள், அதைவிடப் பெரிய பிரச்சினை கோழிச் சாறு. பழுப்பு சாஸில் மட்டுமல்ல, பார்க்கப் பாவமாக இருக்கும் வெள்ளை சாஸிலும் பெரும்பாலும் தண்ணீருக்குப் பதில் அதைத்தான் ஊற்றுவார்கள். கெட்டியாவது சோள மாவினால், ருசி வருவது சாற்றினால். புளிப்புக் காரச் சூப்பை மெனுவில் டோஃபு சூப் மாதிரி எழுதியிருப்பார்கள். அடித்தளம் கோழியோ பன்றியோ, மேலே முட்டையை இழை இழையாக விட்டிருப்பார்கள். எக் ரோலில் பன்றியும் இறாலும் சகஜம். ஸ்பிரிங் ரோல் சில கடைகளில் காய்கறி மட்டும், அதையும் கேட்டே வாங்குங்கள். லோ மெய்ன் நூடுல்ஸ் மாவிலேயே முட்டை சேர்ந்திருக்கலாம், அரிசி நூடுல்ஸ் பரவாயில்லை.

வழி என்ன என்றால், மெனுவின் கடைசி மூலையில் “டயட்” என்று ஒரு பகுதி இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆவியில் வேகவைத்த காய்கறியும் டோஃபுவும், சாஸ் தனிக் கிண்ணத்தில். அந்தக் கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டில் சோயா சாஸ், பூண்டு, கொஞ்சம் மிளகாய் எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். காளானில் செய்த சைவச் “சிப்பி” சாஸும் ஆசியக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்தால் அதில் செய்து தரும் கடைகள் உண்டு, முறைக்கும் கடைகளும் உண்டு. வாணலி ஒன்றுதான். ஒரு பதார்த்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அடுப்பின் மேலேயே குழாயைத் திருப்பித் தண்ணீர் விட்டு ஒரு தேய்ப்பு, அவ்வளவே. அது ஒப்பாதவர்கள் இந்தக் கடைக்கு வரவே கூடாது என்பது என் கட்சி.

கடலைப்பகை

அடுக்களைப்புலி எக் ரோல் என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. மெனுவில் கடலை என்று போட்டிருப்பதை எல்லாம் தவிர்த்துவிட்டுக் கடைசியில் எக் ரோல் ஒன்று சேர்த்தேன். மகள் என் தோளில் சாய்ந்து நின்றாள், கையில் ஒவ்வாமை வந்தால் போடும் ஊசி மருந்துப் பை. அந்த அம்மாவின் பார்வை அந்தப் பையில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடியில் இருக்கும் சின்னத் திறப்பின் வழியாகக் கையை முழங்கை வரை வெளியே நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “எக் ரோல் வேண்டாம். பீனட் பட்டர்.” உள்ளே பூரணத்தில் சேர்க்கிறார்களாம். மெனுவில் எங்கும் இல்லை. சில கடைகளில் இந்தப் பழக்கம் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முட்டைக்கோஸ் பூரணம் சிதறாமல் பிடித்துக்கொள்ளவும், மணத்துக்காகவும்.

2023 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்து லேபிளில் போட வைத்துவிட்டார்கள். ஆனால் அது பொட்டலத்தில் வரும் பண்டத்துக்கு. ஆர்டர் வாங்கிச் சுடச்சுடக் கட்டித் தரும் டப்பாவில் எந்த லேபிளும் இருக்காது. அங்கே இருப்பது ஆள்தான். ஆகவே சுக்குக்காப்பி அவர்களே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கை என் மணிக்கட்டில் இருந்த இறுக்கம் எனக்கு மறக்கவில்லை.

ஒற்றைத்தலைவலி

எல்லாரும் அம்மாவைப் புகழ்வதால் என்னுடையதையும் எழுதுகிறேன். அந்தக் கண்ணாடியில் “எம்.எஸ்.ஜி. சேர்ப்பதில்லை” என்று ஓர் அட்டை ஒட்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதுதான், நம் ஊரில் அஜினோமோட்டோ என்பார்களே, அந்தச் சுவையூட்டி உப்பு. அட்டையை நம்பித்தான் வாங்கினேன். இரவு முழுக்கத் தலைவலி. மறுநாள் போய் அட்டையைக் காட்டிக் கேட்டேன். அவர் எழுந்து வெளியே வந்தார், அட்டையை ஏதோ முதன்முதலாகப் பார்ப்பவர்போல நின்று படித்தார், நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பிய்த்தெடுத்தார், குப்பையில் போட்டார். “பழைய முதலாளி ஒட்டியது” என்றார். தீர்ந்தது பஞ்சாயத்து! கண்ணாடியில் பசைத் தடம் மட்டும் இன்னும் சதுரமாகத் தெரிகிறது.

மாத்திரைக்காரர்

இங்கேயும் இந்த எம்.எஸ்.ஜி. பழி வந்துவிட்டதா! அதே கடையில், எனக்கு முன்னால் நின்ற ஒருவர் “ஒரு துளிகூட இருக்கக்கூடாது” என்று ஐந்து நிமிடம் உபதேசம் செய்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் பாலாடைக்கட்டிச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து விரலில் ஒட்டிய ஆரஞ்சுப் பொடியை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தார். காலிப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்தார். பின்பக்கத்தைப் படித்தேன். மோனோசோடியம் குளூட்டமேட், தெளிவாக அச்சடித்திருந்தது. காட்டலாமா என்று நினைத்தேன். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. தக்காளியில் இருக்கிறது, பழுத்த பாலாடைக்கட்டியில் இருக்கிறது. 1968-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று கடிதம் எழுதினார். காரணம் சோயாவா, சமையல் ஒயினா, எம்.எஸ்.ஜி.யா, உப்பா என்று அவரே சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். உலகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் கலந்து கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சீரான பாதிப்பு எதுவும் வரவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் வரிசையில்தான் வைத்திருக்கிறது. உங்கள் தலைவலிக்கு அந்தச் சாப்பாட்டில் இருக்கும் உப்பையும், அன்றைக்கு நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதையும் முதலில் பாருங்கள்.

ஒற்றைத்தலைவலி

வைத்தியம் கேட்கவில்லை ஐயா. அட்டையைப் பற்றித்தான் எழுதினேன்.

கணக்குவாத்தியார்

கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பானே, அந்தப் பையன். ஒருநாள் அம்மா உள்ளே போயிருந்தார், அவன்தான் ஆர்டர் எடுத்தான். ஜெனரல் ட்ஸோ சிக்கனா, எள் சிக்கனா, ஆரஞ்சு சிக்கனா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். பையன் பின்னம் பெருக்கிக்கொண்டிருந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எட்டிப்பார்த்து, குரலைத் தாழ்த்தி, “மூன்றும் ஒன்றுதான். கோழி ஒன்று, சாஸ் ஒன்று. ஒன்றில் காய்ந்த மிளகாய், ஒன்றில் எள், ஒன்றில் ஆரஞ்சுத் தோல். பேசாமல் எள் வாங்குங்கள், அதில் காய்கறிக்கு இடம் விடாமல் கோழி அதிகம் போடுவார்கள்” என்றான். பின்னாலேயே நின்றுகொண்டிருந்த அம்மா ஆர்டர் புத்தகத்தால் அவன் தலையில் ஒரு போடு போட்டார். பையன் அசரவே இல்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.

அந்த ஜெனரல் கோழியை முதலில் செய்த பெங் சாங்-குவெய் சீனாவின் ஹூனான் மாகாணத்துக்காரர், தைவானுக்குப் போனவர். அவர் செய்ததில் இனிப்பே கிடையாது. சர்க்கரை எல்லாம் நியூயார்க்கில் ஏறியது. அவர் 2016-இல் இறந்தார். இதைப் பையனிடம் சொன்னேன். “எங்கள் சமையற்காரரிடம் சொல்லாதீர்கள், அவர் தன் தாத்தா கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்றான்.

இன்னொன்று, செயலியில் ஆர்டர் செய்யாதீர்கள். கடையிடமிருந்து சில செயலிகள் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்கின்றன. அதைச் சரிக்கட்டத்தான் செயலியில் விலை கூடுதலாக இருக்கிறது. நேரே போன் செய்யுங்கள், பையனின் ஆங்கிலம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும்.

அடுக்களைப்புலி

மூன்றும் ஒன்று என்று பையன் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? ஆரஞ்சுத் தோலை முதலில் எண்ணெயில் விட்டுப் பொரித்தால் மணமே வேறு. எள்ளை வறுக்காமல் கடைசியில் தூவுகிறார்கள் என்பது தனிப் புகார், அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். மேலும், வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் கோழியின் மொறுமொறுப்பு போய்விடுகிறது என்று இங்கே நிறையப் பேர் முன்பு புலம்பியிருக்கிறீர்கள். பையை முடிச்சுப் போட வேண்டாம் என்று கல்லாவிலேயே சொல்லிவிடுங்கள், டப்பாவின் மூடியை ஒரு பக்கம் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சோற்று டப்பாவை அதன்மேல் வைக்காதீர்கள். கம்பிக் கைப்பிடி போட்ட காகிதப் பெட்டியாக இருந்தால் மைக்ரோவேவில் அப்படியே வைக்காதீர்கள், கம்பியைக் கழற்றுங்கள். மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது தப்பு, வெளியில் கிடந்த சோற்றில் கிருமி விட்ட நஞ்சு சூட்டுக்கு அழியாது.