காலையில் ஒரு மூலை படுத்துக் கிடக்கும் வண்டி: ஏர் சஸ்பென்ஷன் அனுபவங்கள்

மண்டபம் தம்பி:
வண்டி லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்தடைச்ச ரப்பர் பை மேல நிக்கிறது. தனுஷ்கோடி போய் வந்த பிறகு பின் இடது மூலை ராத்திரியில் இறங்குது. ஸ்டார்ட் பண்ணினா ஏறிடும், ஆனா காத்தடிக்கிற கம்ப்ரஸர் ரொம்ப நேரம் கத்துது. கம்ப்ரஸரை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா அண்ணே?

உப்பளத்தான்:
வேண்டாம் தம்பி, பொறு. ஏறுதுன்னா கம்ப்ரஸருக்கு இன்னும் உயிர் இருக்கு. கசிவை அடைக்காம புதுசு போட்டா, கசியிற காத்தை ஈடுகட்ட அதுவும் ராப்பகலா ஓடிச் சாகும். மொதல்ல எங்க கசியுதுன்னு பிடி.

சமதளமான சிமெண்டுத் தரையில நிறுத்து. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து, நாலு அளவையும் எழுதிக்க. பிறகு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழட்டிடு. இதைத்தான் பல பேரு விட்டுடறாங்க. நிறுத்தி வச்ச பிறகும் சஸ்பென்ஷனை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் அப்பப்ப முழிச்சு, தாழ்ந்த மூலைக்குச் சமமா மத்த மூணையும் இறக்கிவிடும். காலையில வண்டி மொத்தமும் இறங்கிக் கிடக்கும், குத்தவாளி எந்த மூலைன்னே தெரியாது. ஃபியூஸ் இல்லாம 12 மணி நேரம் விட்டு மறுபடி அள. ஒரே மூலை இறங்கினா அந்த ஏர் ஸ்பிரிங் (அதான் அந்த ரப்பர் பை), இல்லாட்டி அதுக்குப் போற குழாய். பின்னால ரெண்டும் ஒண்ணா இறங்கினா, காத்தை மூலைகளுக்குப் பிரிச்சு விடுற வால்வு பிளாக்கைச் சந்தேகப்படு.

(கடையில 'ஏர் பேக்'னு கேட்காதே, ஸ்டியரிங்ல இருக்கிறதை எடுத்து நீட்டுவாங்க. 'ஏர் ஸ்பிரிங்'னு கேளு.)

கீழக்கரை பாய்:
சோப்புத் தண்ணி அடிக்கிறப்போ வண்டி உசரமான நிலையில இருக்கணும், அப்பத்தான் ரப்பர் மடிப்பு விரிஞ்சு வெடிப்பு வெளியே தெரியும். பாத்திரம் கழுவுற லிக்விட் 1 பங்கு, தண்ணி 10 பங்கு. பித்தளை ஜாயிண்ட்ல அடிச்சிட்டு ஒரு நிமிஷம் கண்ணெடுக்காம பாருங்க. பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவு கடுகு மாதிரி ஒரே ஒரு குமிழியை மெதுவா ஊதும், உடையும், மறுபடி ஊதும். டிஸ்கவரி ஸ்ட்ரட்டுல (பையும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா இருக்கிற தூண்) பை கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதனால கீழ இருக்கிற தூசி உறை ஓரத்துல குமிழி வருதான்னு பாக்கணும். கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) மாசங்கள்ல தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போற ரோட்டுல ஏறுற பொடி மணல் அந்த உறைக்குள்ளதான் போய்த் தங்கும். சக்கரம் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ரப்பரை உப்புத்தாள் மாதிரி அரிக்கும்.

இன்னொண்ணு, போர்த் தண்ணியில அடி கழுவாதீங்க. நம்ம ஊர் போர்த் தண்ணியே உப்பு. கண்ணாடியில ஒரு சொட்டு விட்டுக் காயவச்சுப் பாருங்க, வெள்ளைத் தடம் விட்டா அது கழுவுறதுக்கு ஆகாது. நல்ல தண்ணி 2 குடம் போதும், ஆனா அழுத்தமா பீய்ச்சாம ஊத்தணும்.

ஸ்பேனர் சாயல்குடி:
கைவைக்கிறதுக்கு முன்னால ஒரு விஷயம். காத்தை மட்டும் நம்பி நிக்கிற வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்காதீங்க. கதவு மூடினாக்கூட சில வண்டி தானா இறங்கும். சேஸிஸ்ல ஸ்டாண்டு, அப்புறம் ஃபியூஸ், அப்புறம் பேட்டரி நெகடிவ். மணல் தரைன்னா ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டிப் பலகை இல்லாம ஜாக்கி வைக்காதீங்க.

கார் டயர்ல இருக்கிற காத்தழுத்தம் 2 பார் சொச்சம். கம்ப்ரஸர் காத்தைச் சேர்த்து வைக்கிற டேங்க்ல 10 பாருக்கும் மேல. ஃபியூஸைக் கழட்டறதுக்கு முன்னாலயே ஸ்கேன் டூல்ல (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டுற கருவி) காத்தை இறக்கிட்டுத்தான் ஜாயிண்டைக் கழட்டணும். டூல் கைவசம் இல்லைன்னா கண்ணாடி மாட்டிக்கிட்டு, முகத்தை ஒதுக்கி, நட்டை அரைச் சுத்து மட்டும் தளர்த்தி 'ஸ்ஸ்'னு வர்ற சத்தம் ஓயற வரைக்கும் காத்திருங்க.

ஜாயிண்ட் ஓரம் குழாய் கசிஞ்சா நைலானை நேரா வெட்டணும். கட்டிங் பிளேயர்ல வெட்டினா வாய் நசுங்கிடும், புது ஜாயிண்டும் கசியும். புது பிளேடு போதும். பழைய பித்தளை வளையத்தைத் திரும்பப் போடாதீங்க.

ஸ்ட்ரட் மாத்தினா, முழுசாத் தொங்கவிட்டும் காத்து ஏத்தக்கூடாது, காத்தில்லாம பாரத்தை இறக்கவும் கூடாது, பை உள்ளுக்குள்ள மடிஞ்சு கிழியும். வண்டி ஸ்டாண்டுலயே நிக்கட்டும், சக்கரம் தரையில லேசாப் படட்டும். காத்து ஏறி பை விரிஞ்ச பிறகு முழுப் பாரம். ஸ்ட்ரட்டோட கீழ் ரப்பர் புஷ் போல்ட்டுக்குக் கடைசி இறுக்கம் ஓட்டுற உசரத்துல வந்த பிறகுதான், முன்னாடியே இறுக்கினா ரப்பர் முறுக்கிப் பிஞ்சிடும்.

உப்பளத்தான்:
கசிவு நின்ன பிறகும் 2 நிமிஷத்துக்கு மேல விடாம ஓடினாத்தான் கம்ப்ரஸர் பக்கம் போகணும். காத்து இழுக்கிற ஃபில்டரைப் பாரு. வெளியேத்துற வாய்ல வெள்ளைப் பவுடர் இருந்தா ஈரம் உறிஞ்சுற ட்ரையர் குருணை நொறுங்கிடுச்சு, அந்தத் தூள் வால்வு பிளாக்குக்குள்ள போய் மாட்டும். கம்ப்ரஸர் மாத்தினா அதுக்குக் கரண்டை விட்டு நிறுத்துற ரிலேயும் சேர்த்து மாத்து, பழைய ரிலே ஒட்டிக்கிட்டா புதுசு நிக்காம ஓடிக் கருகும். குழாய்ல காத்தே கசியலை, உசரம் மட்டும் தாறுமாறுன்னா உசரத்தை அளக்கிற சென்சார் சாக்கெட்டுல பச்சைக் களிம்பு பூத்திருக்கான்னு பாரு.

மண்டபம் தம்பி:
பாய் சொன்ன இடத்துலதான் குமிழி, தூசி உறை ஓரம். மதுரைக்கு எப்படிக் கொண்டு போறது?

ஸ்பேனர் சாயல்குடி:
பாம்பன் பாலம் தாண்டவேண்டியதில்லை, அதுவரைக்கும் நிம்மதி. தட்டு லாரியில ஏத்துங்க. பெல்ட்டைச் சக்கரத்துல கட்டச் சொல்லுங்க, சேஸிஸ்ல வேண்டாம். வழியில காத்து இறங்கினா பெல்ட் தொளதொளத்து வண்டி நகர ஆரம்பிச்சிடும்.