சங்கிலியனைக் காதால் கேட்டால் வரலாறு விளங்கிவிடுமா? பிள்ளைகளுக்கான ஒலிக்கதைகள் பற்றி ஒரு விவாதம்

நல்லூர்த் தகப்பன்

பாடசாலை வான் வண்டியில், யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியன் பெயரால் நல்லூரில் நிற்கும் தோரண வாசலைத் தினமும் கடந்து போகும் பிள்ளைகளிடம் அது என்னவென்று கேட்டுப் பாருங்கள். "பழைய கேற்று" என்பார்கள். நல்லூரின் மற்றப் பழைய சின்னங்களான மந்திரிமனைக்கும் யமுனா ஏரிக்கும் அதே கதிதான். தரம் 6 முதல் சாதாரண தரம் வரை வரலாறு கட்டாயப் பாடம். இருந்தும் பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்கி, பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள்.

அதனால் சில பெற்றோர் சேர்ந்து பதினைந்து நிமிட ஒலிக்கதைகளைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். 1619இல் போர்த்துக்கேயரிடம் நல்லூர் வீழ்ந்தது, ஒல்லாந்தர் கோட்டை, 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது, 1981இல் நூலகம் எரிந்தது என்று ஒவ்வொன்றாகச் செய்கிறோம். பிள்ளை திரையைப் பார்க்க வேண்டியதில்லை. படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கதையாகக் கேட்டது உள்ளே தங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தரம் எட்டு ரீச்சர்

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த முறையை எதிர்க்கிறேன்.

முதல் பதிவான சங்கிலியன் கதையைக் கேட்டேன். போருக்கு முந்திய இரவில் அரசன் மந்திரியோடு நீண்ட நேரம் பேசுகிறான். அந்தப் பேச்சை யார் கேட்டார்கள், யார் எழுதி வைத்தார்கள்? பின்னணியில் முரசும் கம்பீரமான குரலுமாக வரும்போது பிள்ளை அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவன் அந்த வசனத்தை விடைத்தாளில் மேற்கோளாக எழுதியிருந்தான். அச்சிட்ட பக்கத்தில் விரலை வைத்து "இது எப்படித் தெரியும்?" என்று கேட்க முடியும். குரல் நிற்காமல் ஓடிவிடுகிறது.

அடுத்து, யாழ் வாசித்து இந்த மண்ணைப் பரிசாகப் பெற்றதாகச் சொல்லப்படும் யாழ்பாடியின் கதையும் வருமாம். அது இடம்பெறும் யாழ்ப்பாண வைபவமாலை 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக மயில்வாகனப் புலவர் தொகுத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்திகளை அது கோத்துத் தருகிறது. அதன் கால முரண்களை அவிழ்க்க சுவாமி ஞானப்பிரகாசர் தனியாக ஒரு விமர்சன நூலே எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பதினைந்து நிமிடத்தில் உண்மைபோல ஊட்டுவது நியாயமா?

டைனமோக் காலத்தவன்

ரீச்சர், காதை இவ்வளவு குறைவாக மதிப்பிடாதீர்கள். 1990களில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உலகத்தில் நடந்தது முழுவதும் எங்களுக்குக் காது வழியாகத்தான் வந்தது.

அதற்கும் முன்னே பாருங்கள். எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிமார் கந்தபுராணத்தைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். கோயில் மண்டபத்தில் புராண படனம் கேட்டுத்தான். ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். பயன் சொல்லுபவர் ஊர்க்கதை, உவமை, தன் அபிப்பிராயம் எல்லாம் சேர்ப்பார். ஆனால் எது கச்சியப்பர் பாட்டு, எது இவர் சேர்த்தது என்று கேட்பவர்களுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. இரண்டுக்கும் இரண்டு குரல் இருந்தது. ஒலிக்கதை செய்பவர்களும் அதையே செய்யட்டும். ஆதாரத்துக்கு ஒரு குரல், கதைக்கு வேறொரு குரல்.

தரம் எட்டு ரீச்சர்

அது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புராண படனத்துக்கு வந்தவர்கள் பக்தியோடு வந்தார்கள், சந்தேகிக்க வரவில்லை. வரலாற்று வகுப்புக்குச் சந்தேகம்தான் முதல் தேவை.

பாசையூர்க் கடற்கரை

நான் ஒரு தாய். கத்தோலிக்கக் குடும்பம். வாட்ஸ்அப்பில் சுற்றும் வேறொரு பதிவை மகன் கேட்டான். அதில் "சங்கிலி மன்னன்" மன்னாரில் துரோகிகளைத் தண்டிக்கிறான், பிறகு அவனே போர்த்துக்கேயரை எதிர்த்துப் போராடி, பிடிபட்டு, கோவாவில் கொல்லப்படுகிறான். மன்னாரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது 1544இல், முதலாம் சங்கிலி காலத்தில். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவன் 1619இல் தோற்ற இரண்டாம் சங்கிலி. இடையில் 75 ஆண்டுகள். இரண்டு அரசர்களையும் ஒருவனாக்கிவிட்டார்கள்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. மன்னாரில் இறந்தவர்களை நாங்கள் வேதசாட்சிகள் என்று வணங்குகிறோம். "அம்மா, நாங்கள் துரோகிகளா?" என்று பிள்ளை கேட்டான். நல்லூர் அண்ணா, அரசனுக்கு வசனம் எழுதும் நீங்கள், மதம் மாறிய அந்த மீனவக் குடும்பங்களுக்கும் ஒரு வசனம் எழுதுவீர்களா? அவர்களும் தமிழ்ச் சனங்கள்தானே.

ஸ்காபரோத் தாத்தா

இங்கே கனடாவில் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. புத்தகம்தான் ஒரே வழி என்றால் எங்கள் வீட்டில் யாழ்ப்பாண வரலாறு என்னோடு முடிந்துவிடும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

சோனகதெரு மகன்

உங்கள் பட்டியலில் 1981 இருக்கிறது. 1990 ஒக்டோபர் இல்லை.

நூலகம் எரிந்ததைப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலான நெருப்பு அது. ஆனால் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னதும் இதே மண்ணின் வரலாறுதான். யாழ்ப்பாண நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். எங்கள் குடும்பம் அப்படிப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பிறந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்த சோனகதெருவின் ஒழுங்கைகள், கிணறுகள், பள்ளிவாசல் எல்லாம் உம்மா இரவில் சொன்ன கதையில்தான் எனக்குத் தெரியும். எந்தப் பாடநூலும் எனக்கு அதைத் தரவில்லை. அதனால் ஒலிக்கதை வேண்டாம் என்ற ரீச்சரோடு என்னால் உடன்பட முடியாது. எங்களை விட்டுவிட்டுச் செய்யப்படும் ஒலிக்கதையோடும் உடன்பட முடியாது.

டைனமோக் காலத்தவன்

தம்பி சொல்வது சரி. அந்தக் கதையை நடிகர் பேசக்கூடாது. அனுபவித்தவரே பேச வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். 1619க்குச் சாட்சி இல்லை, 1990க்கு இருக்கிறார்கள்.

நல்லூர்த் தகப்பன்

1990 கட்டாயம் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த அளவில் சொல்வது என்பதைச் சோனகதெருத் தம்பி போன்றவர்களே தீர்மானிக்கட்டும். மன்னார் மீனவர்களுக்கும் குரல் வேண்டும், அக்கா. இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனிக் கதைகள்தான்.

ரீச்சர், உரையாடலே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆள் இல்லாத வரலாற்றில் பிள்ளைக்கு ஒட்டுதல் வராது. ஒரு மாதிரி தருகிறேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட அரசன் தமிழில் வெட்டுவித்த ஆணை. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவந்த கப்பல் என்றால் சரிபாதி.

இதை வைத்து, கரையில் நனைந்துபோய் நிற்கும் ஒரு குதிரை வணிகனைக் கற்பனை செய்கிறேன். அவனுக்குப் பெயர் வைக்க மாட்டேன். "என் குதிரைகளில் எத்தனை எனக்கு?" என்று அவன் கேட்பான். பதிலாகக் கல்வெட்டு வாசகம் வேறு குரலில் வரும். டைனமோ அண்ணர் சொன்ன முறைதான். இதில் எந்தப் பிள்ளை ஏமாறும்?

தரம் எட்டு ரீச்சர்

இது வேறு தரம். இங்கே கற்பனை, ஆதாரம் கேட்கும் கேள்வியாக நிற்கிறது. சங்கிலியன் பதிவில் கற்பனைதான் ஆதாரத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எல்லாம் காதுக்குள் அடங்காது. 1980இல் ஆனைக்கோட்டை ஈமப் புதைகுழியில் பிராமி எழுத்துள்ள சின்னஞ்சிறு முத்திரை கிடைத்தது. அதைப் படத்திலாவது பார்க்காத பிள்ளைக்கு என்ன கதை சொல்லி விளக்குவீர்கள்? கந்தரோடையில் நெருங்கி நிற்கும் சிறு தூபிகளை? ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய கோட்டையை? பிள்ளை பார்க்கவும் வரையவும் வேண்டும்.

நல்லூர்த் தகப்பன்

கோட்டைக் கதையைக் கோட்டை மதிலில் நின்றே கேட்கட்டும். கந்தரோடைக்குச் சுன்னாகம் வரை பஸ் இருக்கிறது. ஒலிக்கதையின் அனுகூலமே அது: காது கேட்கும்போது கண் சும்மா இருக்கிறது.

பாசையூர்க் கடற்கரை

ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் "இதில் நமக்குத் தெரிந்தது இது, நாங்கள் கற்பனை செய்தது இது" என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். என் மகனுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்திருக்கமாட்டான்.

சோனகதெரு மகன்

உம்மா பேசச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். அவர் பேசியதை வெட்டி இசை சேர்க்க விடமாட்டேன். அழுதால் அதுவும் இருக்கட்டும்.

தரம் எட்டு ரீச்சர்

அப்படியே இருக்கட்டும், தம்பி. அது ஆவணம், அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

நல்லூர் ஐயா, நயினாதீவுக் கதையின் எழுத்துப்படியை அனுப்புங்கள். கல்வெட்டு வரிகளை நானே வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். சங்கிலியன் பதிவைத் திருத்தும்வரை என் வகுப்பில் அதைப் போடமாட்டேன்.