வேலைக்கு அணியும் கால்சட்டை ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, குளிரும் தாங்கவில்லை: உதவி தேவை

இரும்புக்கை:
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்திற்கு ஒரு கால்சட்டை கிழிந்துவிடுகிறது, இது இரண்டாவது. அதோடு கடுமையான குளிர். எந்தத் துணி வாங்கினால் கிழியாமலும் குளிராமலும் இருக்கும்? திங்கட்கிழமைக்கு முன்பு வாங்கியாக வேண்டும்.

ஊசிநூல்:
எங்கே கிழிகிறது என்று சொல்லவில்லையே, நண்பரே? முழங்காலிலா, கவட்டிலா, பையின் ஓரத்திலா? நூல் அறுந்து தையல் பிரிகிறதா, அல்லது தையல் அப்படியே இருக்க அதன் பக்கத்தில் துணி கிழிகிறதா? இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். தவிர, என்ன வேலை செய்கிறீர்கள்?

கேன்வாஸ்பித்தர்:
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 12 அவுன்ஸ் பருத்திக் கேன்வாஸ் கால்சட்டை ஒன்று வாங்குங்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் வரும். முதல் இரண்டு வாரம் அட்டையைச் சுற்றிக்கொண்டது போல் விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க உடம்போடு பழகிவிடும். நான் அணிந்திருப்பதற்கு நான்கு குளிர்காலம் ஆகிறது.

நெகிழிநேசன்:
கேன்வாஸ் நனைந்தால் ஈரச்சாக்கு. உறைநிலைக்குக் கீழே போனால் பலகை. முழங்காலிலும் பின்புறத்திலும் 1000 டெனியர் நைலான் ஒட்டு வைத்த கால்சட்டையே நீடித்து உழைக்கும். மேலே ஒரு ஃபிளீஸ் (மென்மயிர் போன்ற செயற்கை இழைத் துணி) ஜாக்கெட், அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய உறை, அவ்வளவு போதும். எடையும் பாதிதான்.

பனிமூத்தோன்:
தம்பி, 'கடுமையான குளிர்' என்பது ஓர் அளவு அன்று. வெப்பநிலை எத்தனை, காற்று எவ்வளவு, மழையோ ஈரப்பனியோ உண்டா, ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலையா, ஓடியாடிச் செய்வதா என்பவற்றைச் சொல்லாமல் கேட்பது, நாடி பார்க்காமல் மருந்து கேட்பதற்குச் சமம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான் உறைக்கும். ஐரோப்பியத் தரக்குறியீட்டிலேயே மைனஸ் 5-க்குக் கீழான குளிருக்கு இ.என். 342, மைனஸ் 5-உம் அதைவிடக் குறைந்த குளிரும் உள்ள இடத்திற்கு இ.என். 14058 என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை நான் இங்கே எழுதுவது எத்தனையாவது முறை என்று எனக்கே நினைவில்லை.

இரும்புக்கை:
மைனஸ் 8 வரை இறங்கும். வெளிப்புற வேலை. காற்று உண்டு, மழை இல்லை. இரண்டு கால்சட்டையும் கவட்டில்தான் போயின. காலையில் சுமை இறக்கும்போது வியர்க்கிறது. பதினொரு மணிக்கு மேல் நின்று வேலை செய்யும்போது உடல் நடுங்குகிறது. உள்ளே தடித்த பருத்திப் பனியன் இரண்டு போடுகிறேன், அப்படியும் பயனில்லை.

ஊசிநூல்:
இப்போது விளங்குகிறது. கவட்டில் கிழிவதற்குத் துணியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வெட்டின் குறை. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு துண்டுகள் அந்த ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. குந்தி உட்காரும்போதும் ஏணியில் கால் தூக்கும்போதும் இழுவை முழுவதும் அங்கேதான் விழுகிறது. குளிருக்காக உள்ளே கால் முழுவதையும் மூடும் உள்ளாடையும் போட்டிருப்பீர்கள். அது தொடைப்பகுதியில் இருந்த கொஞ்ச நஞ்ச இடத்தையும் எடுத்துக்கொள்ளும். இந்த நிலையில் இன்னும் கனமான துணியை வாங்கினால், அது நெகிழ்ந்து கொடுக்காமல் நூலையே அறுக்கும். கவட்டில் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்த கால்சட்டையைத் தேடுங்கள். அந்தத் துண்டு நான்கு தையல்களையும் ஒரே புள்ளியில் சந்திக்க விடாமல் விலக்கி வைக்கும். கால்களின் உட்புறத் தையல், விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்து மூன்று வரிசை ஓட்டியதாக இருக்கட்டும். இடுப்பளவைக் கூட்ட வேண்டாம், இடுப்புப்பட்டியிலிருந்து கவடு வரையுள்ள ஆழமும் தொடைச் சுற்றளவும்தான் கூட வேண்டும். குளிர்கால உள்ளாடையோடு போட்டு, முழுவதும் குந்தி எழுந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கம்பளிக்கண்ணன்:
குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் எதிரி அந்த இரண்டு பனியன்களே. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். காலையில் நனைந்த பனியன், பதினொரு மணிக்கு நீங்கள் அசையாமல் நிற்கும்போது உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய மெரினோ கம்பளி உள்ளாடை ஒன்றை உடம்போடு ஒட்டிப் போடுங்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் அது தோலுக்குச் சில்லென்று இருக்காது. சுமை இறக்கத் தொடங்கும் முன்பே மேலாடையைக் கழற்றிவிடுங்கள். முதல் பத்து நிமிடம் சற்றுக் குளிர வேண்டும்; குளிரவில்லை என்றால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கேன்வாஸ்பித்தர்:
உள்ளே என்னவும் போடட்டும். வெளியே கேன்வாஸ்தான். ஒரு பழைய கூடாரக்காரரிடம் நான் வாங்கிய எண் 12 கேன்வாஸை இன்றுவரை முள்கூடக் கிழித்ததில்லை.

நெகிழிநேசன்:
12 அவுன்ஸ் என்றீர்கள், இப்போது எண் 12 என்கிறீர்கள். எது சரி?

கேன்வாஸ்பித்தர்:
இரண்டும் ஒன்றுதானே.

பனிமூத்தோன்:
ஒன்றல்ல. அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜத்தின் எடை. அது கூடக் கூடத் துணி கனக்கும். கேன்வாஸ் எண்வரிசையோ தலைகீழ்: எண் குறையக் குறையத் துணி கனக்கும். எண் 12-உம் 12 அவுன்ஸும் ஏறத்தாழ ஒரே கனத்தில் வந்து நிற்பது தற்செயல். அதை நம்பி அடுத்த முறை எண் 8 வாங்கினால் மெல்லிய துணி வருமென்று எதிர்பார்த்து ஏமாறுவீர்கள். நெகிழிநேசரும் மகிழ வேண்டாம். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை கிராமில். அது நூலின் பருமனைச் சொல்லுமே தவிர, நெசவு நெருக்கமா தளர்வா என்பதைச் சொல்லாது.

நெகிழிநேசன்:
நெசவு எப்படி இருந்தாலும், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுத் தேய்த்தால் பருத்தி முதலில் போகுமா, நைலான் முதலில் போகுமா என்பதுதான் கேள்வி. அதற்கு இங்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கேன்வாஸ்பித்தர்:
பருத்தி முதலில் போகும். ஆனால் ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொள்ளலாம். உங்கள் நைலான் உறை மூச்சுவிடாது, நடந்தால் சரசரக்கும்.

ஊசிநூல்:
அவர் முழங்காலைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஐயா.

இரும்புக்கை:
ஃபிளீஸ் ஜாக்கெட் வாங்கிவிட்டேன், கதகதப்பாக இருக்கிறது, நன்றி. ஆனால் முதல் நாளே மார்பிலும் கையிலும் சிறு சிறு ஓட்டைகள். மட்டமான துணியோ? கையில் பிடிக்கும் கிரைண்டரின் தீப்பொறி பட்டதாலும் இருக்கலாம்.

ஊசிநூல்:
கிரைண்டரா!

கம்பளிக்கண்ணன்:
உடனே அதைக் கழற்றி வையுங்கள். ஃபிளீஸ் பாலியஸ்டர், பொறி பட்டால் உருகும், தீப்பிடித்தால் உருகியது தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தீப்புண்ணைவிட அது மோசமானது. வெல்டிங்கும் செய்கிறீர்களா?

இரும்புக்கை:
ஆம். இரும்புச் சட்டகங்களை வெட்டிப் பற்றவைப்பதுதான் வேலை. சொல்லவில்லையா?

பனிமூத்தோன்:
சொல்லவில்லை. வேலையின் தன்மையைக் கேட்ட நானும், பதில் வராததைக் கவனிக்காமல் அவுன்ஸ் கணக்கில் இறங்கிவிட்டேன். உங்கள் பெயரைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இனி வரிசை மாறுகிறது: முதலில் தீ, பிறகு குளிர், கடைசியில்தான் கிழிசல். வெளியாடைக்கு, வெல்டிங் ஆடைக்கான இ.என். ஐ.எஸ்.ஓ. 11611 தரக்குறியுள்ள, தீ பரவாத பருத்தியோ தோலோ வேண்டும். சாதாரணக் கேன்வாஸ் உருகாது, ஆனால் எரியும். நூல் பிரிந்த ஓரமும் எண்ணெய்க் கறையும் இருந்தால் எளிதில் பற்றும். பைகளுக்கு மூடி இருக்கட்டும். கால்சட்டையின் கீழ்விளிம்பை மேலே மடித்து விடாதீர்கள், பொறி அதில்தான் தங்கும். கிரைண்டர் பிடிப்பவர் தொங்கும் கயிறு வைத்த தலைமூடி ஆடையைத் தொடவே கூடாது, சுழலும் வட்டு அதை இழுத்துக்கொள்ளும். உள்ளாடைக்குக் கம்பளிக்கண்ணன் சொன்னதே சரி. கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, உருகுவதும் இல்லை.

கேன்வாஸ்பித்தர்:
ஆக, நைலான் தோற்றது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நெகிழிநேசன்:
வெல்டிங் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே நைலானைச் சொல்லியிருக்க மாட்டேன். இதை வெற்றி என்று எழுதிவைத்துக்கொள்பவர் எழுதிக்கொள்ளட்டும்.

ஊசிநூல்:
துவைப்பதைப் பற்றி ஒன்று. தீ பரவாத துணிக்குத் துணி மென்மையூட்டும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். இழையில் படியும் அதன் பூச்சே எரியக்கூடியது. கிழிந்தால் அதே வகைத் துணியையும் தீ தாங்கும் நூலையும் கொண்டு ஒட்டுப்போடுங்கள். சாதாரண பாலியஸ்டர் நூல் உருகினால் உங்கள் பழைய கவட்டுக் கதை மறுபடியும் தொடங்கும்.

இரும்புக்கை:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேலை அதிகம். கவட்டில் துண்டு வைத்தது கிடைத்தது, இதுவரை கிழியவில்லை. கம்பளி உள்ளாடையும் நன்று, பதினொரு மணி நடுக்கம் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி. கால் மட்டும் இன்னும் மரத்துப்போகிறது. எந்தக் காலணி நல்லது?

பனிமூத்தோன்:
உள்ளே எத்தனை காலுறை போடுகிறீர்கள், தம்பி? நிற்பது இரும்பின் மீதா, மண்ணின் மீதா? காலணிக்குள் விரலை அசைக்க முடிகிறதா?