அமெரிக்க ரொக் இசைக்குழு நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ அல்பம்: வன்னியில் கேட்டவர்கள் எழுதுங்கள்

மல்லாவியான்:
97, மல்லாவி. இடம்பெயர்ந்து வந்த பெரியம்மாவின் மகன் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த கசெற், யாரோ பதிந்து கொடுத்தது. போர்க்காலம், வன்னிக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை, அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து ரேப் றெக்கோடருக்கு வயர். ‘லித்தியம்’ பாட்டு மெதுவாகத் தொடங்கும், கை நோகாது. பாடகர் கேர்ட் கோபேன் கத்துகிற இடம் வந்ததும் பெடல் கனக்கும். விட்டால் குரல் இழுபட்டு நின்றுவிடும். இப்போது போனில் கேட்டாலும் வலது தோள் இறுகுகிறது.

புதுக்குடியிருப்பு:
கசெற்றில் கேட்டவர்கள் முழுதாகக் கேட்கவில்லை, அண்ணை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு மாமா கொண்டுவந்த சீடி எங்களுடையது. கடைசிப் பாட்டு ‘சம்திங் இன் த வே’ முடிந்து ஏறக்குறைய 10 நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. முடிந்துவிட்டது என்று படுத்துவிட்டோம். திடீரென்று மறைத்து வைத்த பாட்டு ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ வெடித்தது. அம்மம்மா பாயை விட்டு எழும்பி, தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டா. பாட்டுத்தான் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. சமாதான காலம் அது. தம்பியின் மணிக்கட்டில் அவவின் நகம் பதிந்த அடையாளம் விடிந்தும் இருந்தது.

வட்டக்கச்சி:
நான் 2011இல் நண்பனின் போனில் கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் புதிதாகக் கேட்கிறவர்கள் முதலில் 1989இல் வந்த அவர்களின் முதல் அல்பம் ‘ப்ளீச்’ கேளுங்கள். 600 டொலர் அளவில் பதிந்த அல்பம் அது. அப்புறம் 1991இன் இந்த இரண்டாவதற்கு வந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். தயாரிப்பாளர் பட்ச் விக் குரலை இரண்டு தரம் பாடிப் பதியச் சொன்னபோது கோபேனுக்கு விருப்பமில்லை. பீட்டில்ஸ் ஜோன் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் அண்டி வாலஸ். 1992 ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ அல்பத்தை இறக்கி அமெரிக்காவின் பில்போர்ட் அல்பப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. நல்ல ஹெட்போன் போடுங்கள், பேஸை ஏற்றாதீர்கள், பாட்டு வரிசையை மாற்றாதீர்கள். எல்லாம் கலிபோர்னியாவில், சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் பதிந்தது.

மல்லாவியான்:
தங்கச்சி, முழுதாகக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கோரஸையும் கையால் சுற்றிக் கேட்டவன் நான். அம்மம்மா பங்கருக்குள் இறங்கியது சரிதான், எங்கள் வீட்டிலும் இறங்கியிருப்பார்கள்.
வட்டக்கச்சித் தம்பி, எல்லாம் சவுண்ட் சிட்டியில் இல்லை. ‘பொலி’ பாட்டு 1990இலேயே அமெரிக்காவின் மடிசன் நகரில், பட்ச் விக்கின் ஸ்மார்ட் ஸ்டூடியோவில் பதிந்தது. அதில் சிம்பல் தட்டியது ட்ரம்ஸ்காரர் டேவ் குரோல் இல்லை, அவருக்கு முன் இருந்த சாட் சானிங். திரும்பக் கேட்டுப் பாருங்கள்.