கட்டை பாரமா, இறுக்கமா? திருகோணமலைப் பியானோக்களில் கண்டவை

மாரி பிடித்தால் திருகோணமலையில் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: "கட்டை பாரமா இருக்கு." உடனே கட்டையை இலேசாக்க அதற்குள் பதிக்கிற ஈயத்தைத் தேடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

வலப்பக்கப் பெடலை மிதித்து, தந்தியின் ஒலியை அடக்குகிற டம்பர்களை விலக்குங்கள். வெள்ளைக்கட்டையின் முன்விளிம்பிலிருந்து 13 மில்லிமீற்றர் உள்ளே எடை வையுங்கள். எடைக்கல் இல்லாவிட்டால் நாணயங்களை நகைக்கடைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். கீழ்ப்பலகையை விரல்முட்டியால் மெல்லத் தட்டும்போது கட்டையை மெதுவாக இறக்குகிற மிகக் குறைந்த எடை, இறங்கெடை. தந்தியை அடிக்கிற ஹமர் விடுபடுகிற இடத்தில் ஒரு முட்டு வரும்; அதுவரைதான் கணக்கு. அமத்திய கட்டை தானே தூக்கி எழும்பக்கூடிய மிகக் கூடிய எடை, ஏறெடை.

கழித்துப் பாதியாக்கினால் உராய்வு, கூட்டிப் பாதியாக்கினால் சமநிலை எடை. இறங்கெடை 50 கிராமும் ஏறெடை 24 கிராமும் வந்தால் உராய்வு 13, நல்ல கட்டை. 63-உம் 15-உம் என்றால் சமநிலை எடை 39, அதில் பிழையில்லை. உராய்வுதான் 24. இதற்கு ஈயம் வைத்து 53 ஆக்கினால் ஏறெடையும் 5-க்கு விழும். பிறகு கட்டை எழும்பவே யோசிக்கும், வேகமாகத் திருப்பி அடிக்கிற இடமெல்லாம் தவறும்.

(இந்தக் கணக்கு கிராண்ட் பியானோவுக்கு. நிமிர்ந்து நிற்கிற அப்ரைட் பியானோவில் ஹமர் ஸ்பிரிங்கும் சேர்ந்து தள்ளுவதால் அப்படியே பொருந்தாது.)

* * *

மேலே சொன்ன அந்த 24 கிராம் உராய்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க, கட்டையின் முன்பக்கத்தை இடம் வலமாக ஆட்டுங்கள். மயிரிழை அசைவு வேண்டும். இல்லையென்றால் கட்டையின் ஆணித்துளைக்குள் ஒட்டியிருக்கிற புஷிங் துணி ஈரம் குடித்திருக்கிறது. அதற்கென்று உள்ள குறடால் ஒருதரம் மெல்ல அமத்தினால் போதும்.

கட்டை சரியென்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது ஹமர் சுழலுகிற அச்சான சென்டர் பின். ஹமரைத் திருகு கழற்றி எடுத்து, அந்தப் பின்னைத் தாங்குகிற பிளாஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊசல்போல ஆடவிடுங்கள். 5 முதல் 7 ஆட்டம் நல்லது. இரண்டில் நின்றால் இறுக்கம். பின்னில் பச்சைக் களிம்பு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, புதுப் பின்தான். தேங்காயெண்ணெயும் துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம். கம்பளித் துணி ஊறிப் பசையாகிவிடும்.

* * *

உண்மையிலேயே பாரமான கட்டையும் உண்டு. 60-உம் 36-உம் வந்தால் உராய்வு 12 மட்டும், சமநிலை எடை 48. ஹமர்தலையைத்தான் பாருங்கள்: அங்கே 1 கிராம் குறைத்தால் கட்டைமுனையில் 5 கிராமளவு குறையும். ஈயம் அதற்குப் பிறகுதான்.

பழைய ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்து, வீங்கி, பக்கத்துக் கட்டையில் உரசுவதையும் இங்கே காணலாம். அந்தப் பொடி நஞ்சு. முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

மார்கழி ஈரத்தில் புஷிங்கை அளவுக்குமேல் தளர்த்தாதீர்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது துணி சுருங்கி, அதே கட்டை கடகடக்கும்.